மேல் வீட்டு வாஷிங் மெஷின்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நேரில் பார்த்தால் மெக்கானிக் சார், முதுகுக்குப் பின்னால் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சைக்கிள் வந்தால் எங்கே வாங்கியது, என்ன விலை, பழைய சைக்கிள் என்ன ஆயிற்று, அதை வாங்கிக்கொண்டு போன புண்ணியவான் யார் என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கேட்டதை இன்னொருவரிடம் போய்ச் சொன்னதும் கிடையாது. அவருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் பதில் சொல்கிறவனுக்கு எரிச்சல் எரிச்சல்தானே!

செய்த தொழிலும் அந்தக் குணத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கிற கடையில் அவர் மெக்கானிக். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மின்விசிறி என்று எது வந்தாலும் முதுகுப் பலகையைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டுவிடுவார். அது ஏன் நின்றது என்று தெரியாமல் தலையை வெளியே எடுக்க மாட்டார். மனிதர்களாவது சில சமயம் மழுப்புவார்கள், மெஷின் மழுப்பாது என்பது அவர் கட்சி.

வீடு சொந்த வீடு. கீழே ஒரு பகுதி, மேலே ஒரு பகுதி. கீழ்ப் பகுதி புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் சம்பாத்தியத்தில் எழும்பியது. மேல் பகுதி பேங்க் கடனில் எழும்பியது. வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பிள்ளை குட்டி இல்லை. மாடியில் சுற்றுலா பஸ் ஓட்டுகிற டிரைவர், அவர் மனைவி டிரைவரம்மா, பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிற மகள். மூன்று பேரும் குடிவந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒன்றாம் தேதி காலையில் டிரைவர் கவரில் வாடகையைப் போட்டு எடுத்து வருவார். துருவியார் அதோடு தன் சம்பளத்தில் ஒரு பங்கைச் சேர்த்து, பத்தாம் தேதிவாக்கில் பேங்கில் தவணை கட்டுவார். ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டீயோடு உட்கார்ந்தால் அவர் காது மட்டும் மாடிக்குப் போய்விடும். மேலே நாற்காலி இழுபடுவதை வைத்து விருந்தாளி வந்திருக்கிறாரா, பெண் படிக்க உட்கார்ந்திருக்கிறாளா என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு, "துணியெல்லாம் ஒரு பக்கமாப் போட்டிருக்காங்க, அதான் ஆடுது" என்பார்.

"உங்க காதை அறுத்து அடுப்புல போட" என்பாள் வீட்டுக்காரம்மா.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. எங்கே தொடங்கியது என்று பெரிய பெரிய ஆட்களே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கதவைச் சாத்தியதும், கடையில் விலை நாளுக்கு ஒன்றாக ஏறியதும்தான். சுற்றுலாப் பயணிகள் வருவது அடியோடு நின்றது. துருவியார் வேலை பார்த்த கடையில் முதலில் முதலாளிக்கு வாயெல்லாம் பல். சனங்கள் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்து அடிமாட்டு விலைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, விற்கிறவர்கள் இருக்கிறார்களே தவிர வாங்குகிறவர்கள் ஒருவரும் இல்லை. கட்டிலுக்கு மேல் கட்டில், டிவிக்கு மேல் டிவி என்று கடை கூரை வரை நிரம்பியது. முதலாளி ஈ ஓட்ட ஆரம்பித்தார்.

"பாதிச் சம்பளம்தான் முடியும். இஷ்டம்னா இருங்க" என்றார் ஒருநாள், முகத்தைப் பார்க்காமல்.

துருவியார் இருந்தார். வேறு எங்கே போவது? இரண்டு மாதம் பேங்கில் தவணையைக் குறைத்துக் கட்டினார். பேங்க் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்து, இன்னொரு முறை இப்படி ஆனால் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிடுவோம், அதற்கப்புறம் ஏலம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். மாடியில் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவின் உத்தரவு அப்படி.

"குடியிருக்கறவங்ககிட்ட நம்ம கஷ்டத்தைச் சொல்லாதீங்க. இன்னிக்கு ஐயோ பாவம்பாங்க, நாளைக்கு வாடகையில கைவைப்பாங்க."

மாடியிலும் இதே மாதிரி ஓர் உத்தரவு போடப்பட்டிருந்தது. அது இவர்களுக்குத் தெரியாது. பஸ் எல்லாம் ஷெட்டில் நிற்கிறதாமே, சம்பளம் எப்படி என்று துருவியார் படியில் மறித்துக் கேட்டபோது டிரைவர் சிரித்தார். "வண்டிதான் நிக்குது அண்ணே, சம்பளம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்ததைத் துருவியார் கவனித்தார். ஏன் நீளம் என்றுதான் தெரியவில்லை.

அந்த மாத வாடகையும் ஒன்றாம் தேதி கவரில் வந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் வாஷிங் மெஷின் சத்தம் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வாரமும் கேட்கவில்லையோ என்று அவருக்கு ஒரு குடைச்சல். இன்னொரு விஷயமும் இருந்தது. மேலே பேசினால் இப்போதெல்லாம் குரல் வேறு மாதிரி கேட்டது. காலியான கல்யாண மண்டபத்தில் பேசுகிறமாதிரி முட்டி முட்டித் திரும்பியது. ஏன்? என்னத்துக்கு? டீ ஆறிப்போகிறவரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் கடையில் கிடைத்தது. பின்கட்டில் குவிந்து கிடந்த சாமான்களில் ஒன்றைக் காட்டி, இதைக் கொஞ்சம் பாருங்கள், ஓடுகிறதா இல்லையா என்று முதலாளி சொன்னார். வெள்ளை வாஷிங் மெஷின். துருவியார் முதுகுப் பலகைக்கே போகவில்லை. முன்பக்கத்திலேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு திருகிகளில் ஒன்று கம்பெனித் திருகி. இன்னொன்று பழைய ரேடியோவிலிருந்து கழற்றி அவரே பொருத்திய கறுப்புத் திருகி. டிரைவரம்மா அதைப் பார்த்து, "திருகினா பாட்டு வருமா அண்ணே?" என்று கேட்டதுகூட நினைவு இருந்தது.

"இதை யாரு கொண்டாந்தது?"

"போன மாசக் கடைசியில நீங்க வெளி வேலைக்குப் போயிருந்தீங்களே, அன்னிக்கு. தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டாந்தாரு. கட்டில், டிவி எல்லாம் இதுக்கு முன்னாடியே வந்தாச்சு. இப்ப பழசை எடுக்கற கடை நம்மது ஒண்ணுதானே, நீங்க இல்லாத நாளாப் பாத்துத்தான் வருவாரு. பேரம்கூடப் பேசலை மனுஷன், குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

துருவியார் அங்கேயே ஒரு பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தக் கடையின் கல்லாவிலிருந்து டிரைவர் கைக்கு. டிரைவர் கையிலிருந்து கவருக்கு. கவரிலிருந்து தன் அலமாரிக்கு. அலமாரியிலிருந்து பேங்குக்கு. ஆக, மாசாமாசம் தான் பேங்குக்குக் கட்டியது பணமே இல்லை. கட்டிலின் கால்களையும் டிவியின் கண்ணாடியையும்தான் கட்டியிருக்கிறார். அவருக்கு வெட்கமும் வந்தது, கூடவே கேள்வியும் வந்தது. வாடகை கொடுக்க முடியவில்லை என்று அந்த மனிதர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இவ்வளவு வருஷமாகக் கொடுத்து வைத்திருக்கிற அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றாவது கேட்டிருக்கலாமே? ஊரில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்? ஏன் கேட்கவில்லை?

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வான். துருவியார் நேராக வீட்டுக்குத்தான் போனார், ஆனால் யாரிடமும் சொல்வதற்காகப் போகவில்லை. அலமாரியைத் திறந்து வாடகைக் கவரை எடுத்தார். தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் சேர்த்தார். திரும்பக் கடைக்குப் போய் அந்த மெஷினை வாங்கினார். முதலாளி 'உங்களுக்காக' என்று சொல்லிச் சொல்லி, தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு தொகையை வைத்துத்தான் கொடுத்தார். மெஷினைக் கழுவித் துடைத்து, பெல்ட்டை மாற்றி, ஒரு சின்ன வண்டியில் ஏற்றி, பட்டப்பகலில், தெருவே பார்க்க, வீட்டு வாசலில் இறக்கினார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துவிட்டால் மனிதனுக்குக் கண் தெரிவதில்லை. அதிலும் மெக்கானிக் ஒருவன், பொருள் ஓடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைப்பான்.

அவரும் வண்டிக்காரரும் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். கதவைத் திறந்த டிரைவரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டிக்காரர் இறங்கிப் போகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே இது?"

"உங்க மெஷின்தாம்மா. பெல்ட் புதுசு போட்டிருக்கேன், இனி ஆடாது."

"யாரு உங்களை வாங்கிட்டு வரச் சொன்னது?"

அவர் மெஷின் மூடியைக் கையால் துடைத்தார்.

"நாலு பேரு பாக்காம கொண்டு போகணும்னு தார்ப்பாய் தேடி அலைஞ்சோம். நீங்க மேளதாளம் ஒண்ணுதான் வைக்கலை. இனி இந்தத் தெருவுல நான் எப்படிண்ணே தலை நிமிர்ந்து நடப்பேன்? இதைத் திரும்ப விக்கணும்னா நீங்க குடுத்ததுல பாதிகூட வராது. எங்களைக் கேட்டீங்களா? ஊரையே கேள்வி கேக்கறீங்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்டுவிட்டாள். அப்போதுதான் துருவியார் உள்ளே பார்த்தார். கூடத்தில் ஒன்றுமே இல்லை. சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, மற்ற சுவர் பழுப்பாக. தரையில் பாய். அந்தப் பாயில் பெண் புத்தகத்தை விரித்து வைத்துத் தலையைக் குனிந்திருந்தாள், படிக்கவில்லை என்பது தெரிந்தது. குரல் ஏன் முட்டித் திரும்புகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுவரோரம் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள்.

டிரைவர் உள்ளறையிலிருந்து வந்தார். மனைவியைப்போல அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நாங்களே உங்ககிட்ட சொல்றதா இருந்தோம் அண்ணே. இந்த மாசத்தோட காலி பண்றோம். இவ அண்ணன் வீட்டுல ஒரு ரூம் இருக்கு. வாடகை பாக்கின்னு ஒரு பைசா நிக்கக் கூடாதுன்னுதான் இதையெல்லாம் வித்தேன்."

"அட்வான்ஸ்ல கழிச்சிருக்கலாமே தம்பி?"

"அதைத் தொடக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். அது பொண்ணு காலேஜுக்கு. எங்க கையில இருந்தா கரைஞ்சிடும், உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னுதான் வாயைத் திறக்கலை. காலி பண்ணும்போது அதை மட்டும் மொத்தமா குடுத்துடுங்க. பீஸ் கட்டற தேதி நெருங்குது."

"குடுத்துடலாம், குடுத்துடலாம்" என்றார் துருவியார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினார்.

எதற்குப் பயந்தார் என்று சொல்லிவிடுவதுதான் நியாயம். அந்த அட்வான்ஸ் அவரிடம் இல்லை. மாடி கட்டி முடித்தபோது கடன் பணம் தீர்ந்துவிட்டது, படிக்கட்டு போட வழியில்லாமல் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல் முதலாகக் குடிவர ஒப்புக்கொண்ட டிரைவர் கொடுத்த அட்வான்ஸை வாங்கித்தான் படிக்கட்டே போட்டார். கம்பி, சிமெண்டு, மேஸ்திரி கூலி என்று அவ்வளவும் அதில் போய்விட்டது. பிறகு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தவணைப் பணத்துல வாஷிங் மெஷின் வாங்கியிருக்கீங்க."

"ஆமா."

"அதுவும் நமக்கு இல்லை."

"இல்லை."

"பத்தாம் தேதி பேங்குல கேட்டா, தோய்ச்சுக் காட்டுவீங்களா?"

மறுநாள் துருவியார் தெரு தெருவாக நடந்து பார்த்தார். வேறு யாரையாவது குடிவைத்து, அந்த அட்வான்ஸை வாங்கி இவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு. வீட்டுக்கு வீடு வாசலில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. ஒரு வீட்டில் அட்டை வெயிலில் வெளுத்து எழுத்தே போயிருந்தது. எத்தனை நாளாக இப்படித் தொங்குகிறது, யாராவது வந்து கேட்டார்களா என்று அந்த வீட்டுக்காரரிடம் விசாரித்தார். "கேக்கறதுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார் அவர். துருவியாருக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

வழியைக் கண்டுபிடித்தது வீட்டுக்காரம்மாதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்று இடம் தேடிக்கொண்டிருந்தது. ஊரே படுத்தாலும் நோய் படுக்காது அல்லவா? நல்ல வாடகை, நல்ல அட்வான்ஸ். ஆனால் தரைத்தளம்தான் வேண்டும், நோயாளிகளால் படியேற முடியாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்கள்.

"கீழே நாம இருக்கோமே?" என்றார் துருவியார்.

"காலி பண்ணுவோம்."

"எங்க போறது?"

வீட்டுக்காரம்மா கூரையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கூரையைப் பார்த்து அவர் பார்த்ததே இல்லை.

அவள் கணக்கு சுத்தமாக இருந்தது. டிரைவர் குடும்பம் எப்படியும் காலி செய்யப்போகிறது. லேப்காரர்கள் தருகிற அட்வான்ஸை அவர்களுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு மாடிக்குப் போய்விடலாம். ஆனால் அப்படிச் செய்தால் பேங்கின் பழைய பாக்கி அப்படியே நிற்கும், நோட்டீஸ் வந்துவிடும். அந்தப் பணத்தைப் பேங்குக்குக் கொடுத்தால் பெண்ணுக்குக் காலேஜ் கிடையாது. இரண்டில் ஒன்று. துருவியார் இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மெஷினைத் திறந்து எல்லாச் சாமானையும் துணியில் பரப்பி வைத்துப் பார்க்கிறமாதிரி பார்த்தார். அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் காலி செய்யாவிட்டால்? மொத்த அட்வான்ஸையும் இப்போதே கொடுக்க வேண்டியதில்லை. பீஸுக்கு உண்டானதைக் கொடுத்தால் போதும். மிச்சத்தில் பேங்க் பாக்கி அடையும். ஆனால் ஒரே மாடியில் இரண்டு குடும்பமா? அதற்கு அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்?

"போய்க் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. "கேக்கறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

"நீயும் வா."

"வராம? உங்களைத் தனியா அனுப்பினா இன்னொரு மெஷினை வாங்கிட்டு வந்து நிப்பீங்க."

இருவரும் மாடிக்குப் போனபோது மூன்று பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி இல்லாததால் இவர்களும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். டிரைவரம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள். துருவியார் தண்ணீரைக் குடித்தார்.

"தம்பி, நான் ரிப்பேருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரங்களைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டுத்தான் மெஷினைத் திறப்பேன். உள்ள என்ன போயிருக்குன்னு அவங்களே பாக்கணும். உங்ககிட்ட மட்டும் இத்தனை வருஷமா மூடியே வெச்சுட்டேன். எனக்குப் பாதிச் சம்பளம்தான் வருது. ரெண்டு மாசமா பேங்குக்குச் சரியாக் கட்டலை. இன்னொரு தவணை தவறினா வீடு ஏலம்." அவர் நிறுத்தினார். கஷ்டமான பாகம் இன்னும் இருந்தது. "உங்க அட்வான்ஸ் என்கிட்ட இல்லை. அன்னிக்கே படிக்கட்டுல போட்டுட்டேன்."

"படிக்கட்டுலயா?" என்றார் டிரைவர்.

"அதுக்கு முன்னாடி ஏணிதான் இருந்துச்சு."

டிரைவரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்தாள். சாதாரண சிமெண்டுப் படிக்கட்டு, ஓரம் லேசாகப் பெயர்ந்திருந்தது. திரும்பி வந்து சிரித்தாள். அது சிரிப்பா அழுகையா என்று துருவியாருக்கு விளங்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா எங்க பொண்ணு காலேஜ் பீஸ் மேலதான் எல்லாரும் செருப்புக் காலோட ஏறி இறங்கியிருக்கோம்."

துருவியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷத்தில் அவர் மனசுக்குள் அழுதுவிட்டார் என்றே சொல்ல வேண்டும், கண்ணில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

"நான் உங்களைப் பெரிய ஆளுன்னு நெனச்சேன்" என்றார் டிரைவர் மெதுவாக. "ரெண்டு மாடி வீடு. மாசம் பிறந்தா நம்ம வாடகையை வாங்கி என்ன பண்ணுவாரோ, எங்க சேத்து வெப்பாரோன்னு நானும் இவளும் பேசிக்குவோம்."

"எங்களைப் பத்திப் பேசுவீங்களா?" துருவியாருக்குச் சட்டென்று ஆர்வம் வந்துவிட்டது. "என்ன பேசுவீங்க?"

வீட்டுக்காரம்மா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "நான் சொல்றேன் தம்பி, இவரை விட்டா விடிஞ்சிடும்" என்று லேப் விஷயத்தை எடுத்தாள். கீழே லேப்காரர்கள் வந்தால் வாடகை பேங்குக்குச் சரியாகப் போகும். அவர்களுடைய அட்வான்ஸில் காலேஜ் பீஸும் கட்டலாம், பேங்க் பாக்கியும் அடையும். உங்கள் அட்வான்ஸில் மிச்சம் எங்கள் மேல் கடனாக நிற்கும், எழுதியே தருகிறோம். பஸ் மறுபடி ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் வாடகை வேண்டாம். ஆனால் நாங்கள் இருக்க இடம் வேண்டும்.

அவள் கணவனைப் பார்த்தாள். இனி அவர் கேட்க வேண்டிய பங்கு.

துருவியார் தொண்டையைச் செருமினார். "மாடியில எங்களுக்கு ஒரு ரூம் குடுப்பீங்களா?"

வாடகைக்கு விட்ட வீடு விட்டவன் வீடு இல்லை, இருக்கிறவன் வீடு. இது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் பேங்க் தவணை கட்டிய மாடியில் ஓர் அறைக்காக, சிமெண்டு தரையில் சம்மணமிட்டு, இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் தன் மனைவியைப் பார்த்தார். டிரைவரம்மா மகளைப் பார்த்தாள். அண்ணன் வீட்டு அறை எப்படிப்பட்டது என்பதை மூவரும் யோசித்தார்கள்போல. ஒரு அறை, அதில் ஏற்கெனவே அண்ணன் கடைச் சரக்கு, வந்தால் பெண்ணைக் கடையில் உட்கார வைக்கலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். இதெல்லாம் துருவியாருக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

"சமையல்?" என்றாள் டிரைவரம்மா.

"ஒரே அடுப்பு போதும். நான் காலையில, நீ சாயங்காலம்" என்றாள் வீட்டுக்காரம்மா.

"பாத்ரூம்?"

"நாங்க விடியறதுக்குள்ள முடிச்சுடுவோம்."

"மெஷின்?" என்றாள் டிரைவரம்மா. அத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "மெஷினை இனி விக்க வேண்டாம். அக்கா ஆஸ்பத்திரித் துணி தோய்ச்சுட்டு வந்து வீட்டுலயும் தோய்ச்சா கை என்னத்துக்கு ஆகும்?"

டிரைவர் தலையை ஆட்டினார். "சரி அண்ணே. உள்ரூம் உங்களுக்கு."

"நான் இன்னும் சரின்னு சொல்லலை" என்றாள் டிரைவரம்மா. "எனக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. இந்த வீட்டுல இருக்கற வரைக்கும் அண்ணே எங்களை ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. எங்க போறீங்க, யாரு வந்தாங்க, என்ன வாங்கினீங்க, எதுவும் கூடாது. அதுதான் ரூம் வாடகை."

துருவியார் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "ரொம்ப ஜாஸ்தி வாடகைம்மா" என்றார் அவர். ஆனால் ஒப்புக்கொண்டார்.

பத்தாம் தேதிக்குள் லேப்காரர்கள் வந்துவிட்டார்கள். பேங்குக்கு டிரைவரும் கூடவே போனார். இவர் யார் என்று மேனேஜர் கேட்டார். எங்கள் வீட்டில் குடியிருப்பவர் என்றார் துருவியார். இல்லை சார், இவர்தான் இப்போது எங்கள் வீட்டில் குடியிருக்கிறார் என்றார் டிரைவர். மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷ வேலையில் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து வந்து கடன் கட்டி அவர் பார்த்ததில்லையாம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, நோட்டீஸை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். தள்ளுபடி, கிள்ளுபடி என்று ஒன்றும் கிடைக்கவில்லை. வட்டி வட்டியாகவே நின்றது.

எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொன்னால் பொய். முதல் வாரமே அடுப்பு யார் அணைக்காமல் விட்டது என்று சண்டை. உள்ரூமில் கட்டில் போட்டால் அலமாரியைத் திறக்க முடியவில்லை. டிரைவரம்மா துருவியாரிடம் சகஜமாகப் பேசுவதற்கு நாளாயிற்று. படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துருவியாரால் கேட்கவும் முடியாது. தன் வாழ்நாளில் அவர் பதில் கேட்காமலே புரிந்துகொண்ட விஷயங்களில் அது ஒன்று.

பீஸ் பணத்தைக் கொடுத்தது ஒரு சாயங்காலம். ஐந்து பேரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். துருவியார் உள்ரூமுக்குப் போய்க் கவரை எடுத்து வந்து டிரைவரம்மாவின் கையில் கொடுத்தார். அவள் அங்கேயே பிரித்து, விரலை நனைத்து நனைத்து இரண்டு தடவை எண்ணினாள். அவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது. எண்ணி முடித்துக் கவரைப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

துருவியார் பெண்ணைப் பார்த்தார். அவள் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து தலைக்கு மேலே நடக்கிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், எந்த நாற்காலியை இழுக்கிறாள் என்றெல்லாம் தெரியும். அவள் அப்பாவிடம் பஸ்ஸுக்கு எத்தனை கியர் என்று கேட்டிருக்கிறார், அம்மாவிடம் மாவு எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவளிடம் கேட்டது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் டிரைவரம்மாவிடம், பள்ளிக்கூடப் பையன் விரலைத் தூக்குகிறமாதிரி. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டுமா?"

"வாடகை தவறுது அண்ணே" என்றாள் அவள். பிறகு, "சரி, கேளுங்க. ஒண்ணுதான்."

அவர் பெண் பக்கம் திரும்பினார். "காலேஜுல என்னம்மா படிக்கப் போறே?"

பெண் கவரை விரலால் நீவினாள். "இந்தப் பணத்துக்கு எதுல சீட் கிடைக்குதோ அது மாமா."

டிரைவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு கேள்வி முடிந்துவிட்டது, ஒப்பந்தப்படி துருவியார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவரால் அது முடியவில்லை.

"அது இருக்கட்டும். உனக்கு என்ன பிடிக்கும்?"

டிரைவரம்மா தடுப்பாள் என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தடுக்கவில்லை. பாத்திரங்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கேள்வியை அவளும் இதுவரை கேட்டதில்லை. மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.